வருடா வருடம் எடுக்கும் போலீஸ்காரர்கள் எங்கள் தெருவுக்கு ஏன் வருவதில்லை?

நண்பர் கேட்டிருப்பது இதுதான். சென்னைப் புறநகரில் அவர் தெருவில் சில மாதங்களுக்குள் இரண்டு பைக் திருடு போயிருக்கிறது, ஒரு அம்மாவின் செயினைப் பறித்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் கேட்டால் "ஆள் இல்லை சார்" என்கிறார்கள். பேப்பரைத் திறந்தாலோ மூவாயிரம் காவலர் பணியிடம், நாலாயிரம் பணியிடம் என்று அறிவிப்பு. அவர்கள் எல்லாரும் எங்கே போகிறார்கள், ஆள் கூடினால் திருட்டு குறையுமா என்று கேட்கிறார். கடைசியாக, சித்தி மகன் ஒருவன் அந்தத் தேர்வுக்குப் படிக்கிறானாம்; தேறினால் நம் ஏரியா ஸ்டேஷனுக்கே வருவானா என்றும் ஒரு வரி.

அந்த வரியை விளையாட்டாகச் சேர்த்திருப்பார் போல. ஆனால் பதில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நான் போலீஸில் அடிமட்டப் பதவியான இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். பட்டாலியன், ஆயுதப்படை, பிறகு சென்னையில் ஸ்டேஷன் ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்து வேலை, பதிவேடு பார்ப்பவர்), குற்றப்பிரிவு என்று போனது என் சர்வீஸ். கிராமப்புற ஸ்டேஷன் அனுபவம் எனக்குக் கிடையாது, அதனால் இங்கே சொல்வதெல்லாம் நகரத்தைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் இரண்டாம் நிலைக் காவலர் யாரும் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வருவதில்லை. 2023-ல் வந்த அறிவிப்பையே பாருங்கள். மொத்தம் 3,359 இடம் என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். அதில் 674 பேர் தீயணைப்புத் துறைக்கு, 86 பேர் சிறைத்துறைக்கு. மூன்று துறைக்கும் ஒரே தேர்வு, அதனால் ஒரே எண்ணாக அச்சாகிறது. மிச்சம் 2,599 பேர்தான் போலீஸ். அதிலும் 1,819 பேர் தமிழ்நாடு சிறப்புக் காவல்படைக்கு, அதாவது பட்டாலியனுக்கு. 780 பேர் ஆயுதப்படைக்கு. சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனுக்கு என்று அந்த அறிவிப்பில் ஒரு இடம்கூட இல்லை. எந்த வருட அறிவிப்பை எடுத்தாலும் எண்கள் மாறுமே தவிர அமைப்பு இதேதான்.

பட்டாலியன்காரர் வேலை பந்தோபஸ்து. தேர்தல், மாநாடு, கலவரம், திருவிழா, வெளிமாநில டூட்டி என்று லாரியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயுதப்படைக்காரர் ஜெயிலிலிருந்து கைதியைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவார், முக்கியப் பிரமுகர் வீட்டு வாசலில் நிற்பார், வண்டி ஓட்டுவார். பட்டாலியனிலிருந்து ஆயுதப்படை, அங்கிருந்து சீனியாரிட்டிப்படி ஸ்டேஷன் என்று வந்து சேரப் பல வருடம் ஆகும். சேரும்போது 22 வயது இருந்த பையன் ஸ்டேஷன் படியேறும்போது கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அதுவரை அவன் புகார் மனு வாங்கியதில்லை, மகஜர் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு) எழுதியதில்லை, திருட்டு நடந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. ஏழெட்டு மாதப் பயிற்சியில் படித்த சட்டம் எல்லாம் ஓரளவு மறந்திருக்கும். அதனால் இன்று அறிவிப்பு வந்தால் அதன் பலன் உங்கள் தெருவுக்கு வருவது அடுத்த ஆட்சியில், இல்லை அதற்கடுத்த ஆட்சியில்.

இடையில் குறுக்கு வழியும் பார்த்தார்கள். 2013-ல் தமிழ்நாடு சிறப்புக் காவல் இளைஞர் படை என்று ஒன்றைத் தொடங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பையன்களை மாதம் 7,500 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். ஸ்டேஷன்களில் போலீஸுக்கு உதவியாக இருப்பார்கள் என்பது திட்டம். அவர்களும் வந்தார்கள், நன்றாகவே ஓடியாடி வேலை செய்தார்கள். ஆனால் கைது செய்யவோ விசாரிக்கவோ அதிகாரம் இல்லாத ஆளை வைத்து எவ்வளவு செய்ய முடியும்? பிறகு தேர்வு வைத்து அவர்களை இரண்டாம் நிலைக் காவலர்களாக ஆக்கினார்கள், படையும் கரைந்துபோனது. பொதுமக்களைத் தன்னார்வலர்களாகப் போலீஸுக்கு உதவ வைக்க 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய போலீஸ் நண்பர்கள் குழு கதை வேறு விதமாக முடிந்தது. சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பின் 2020-ல் அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான் என்பது என் அபிப்பிராயம். சீருடையும் பொறுப்பும் இல்லாதவன் கையில் ஸ்டேஷன் லத்தி போகக் கூடாது.

சரி, ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தவர்களாவது தெருவில் இருக்கிறார்களா? ஒரு ஸ்டேஷன் பட்டியலில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காலை ரோல்காலில் போய் எண்ணிப் பாருங்கள், பாதிகூடத் தேறாது. வாசலில் காவலுக்கு நிற்கும் பாரா ஒருவர். ரைட்டர், அவருக்கு உதவி ஒருவர். கோர்ட் காவலர் காலையில் கேஸ் கட்டோடு கிளம்பிவிடுவார், சாயங்காலம்தான் வருவார். சம்மன், வாரண்ட் கொடுக்க ஒருவர். பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒருவர். கண்ட்ரோல் ரூம் அழைப்புக்கு ஓடும் ரோந்து வண்டியில் இரண்டு பேர். இரவு டூட்டி பார்த்தவர் ஓய்வில் இருப்பார், ஒருவர் மெடிக்கல் லீவில் இருப்பார், இன்னொருவர் பெயர் இங்கே இருக்கும், ஆள் வேறு எங்கோ 'அதர் டூட்டி'யில் இருப்பார். 2021-லிருந்து காவலர்களுக்கு வார விடுமுறை உண்டு. மனிதனுக்கு அவசியமானது, நான் சர்வீஸில் ஏங்கிய ஒன்று. ஆனால் ஆளைக் கூட்டாமல் விடுமுறையை மட்டும் கொடுத்தால் டூட்டிப் பட்டியலில் ஓட்டை விழத்தான் செய்யும். இதற்கு மேல் ஒரு கட்சி ஊர்வலமோ கோயில் தேரோ வந்தால், மிச்சம் இருப்பவர்களும் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். செயின் பறிப்புக் கேஸில் சிசிடிவி பார்க்க வேண்டிய ஆள் மூன்று நாள் கழித்துத் திரும்பி வரும்போது, பெட்டிக்கடைக்காரர் கேமராவில் பழைய பதிவு அழிந்திருக்கும்.

அந்த அதர் டூட்டியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன். அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை அரசு 1979-லேயே ஒழித்துவிட்டது, காகிதத்தில். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதே முறையை ஒழிக்கச் சொல்லி மறுபடியும் கண்டிப்பாகப் பேச வேண்டியிருந்தது. இடையில் 43 வருடம்.

அடுத்தது, ஆளைக் கூட்டினால் திருட்டு குறையுமா? இங்கேதான் உறுதியும் சந்தேகமும் பிரிகின்றன. சும்மா ரோந்து வண்டி சுற்றுவதைக் கூட்டினால் திருட்டு தானாகக் குறையும் என்பதை நான் நம்பவில்லை. அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் 1972-73-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சில பகுதிகளில் வழக்கமான ரோந்தை நிறுத்தினார்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு. கார் ஓடும் அகலச் சாலைக்கும் நம் சந்துக்கும் அதே கணக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் என் அனுபவம் அதற்கு எதிராக இல்லை. சைரன் வண்டி முக்கில் திரும்பும்வரை காத்திருந்துவிட்டு வேலையைப் பார்க்கிறவனுக்கு, அது போன பிறகு அரை மணி நேரம் நிம்மதி.

நடந்து போகும் பீட், அதாவது ஒரு காவலர் தனக்கு ஒதுக்கிய தெருக்களைச் சுற்றி வருவது, வேறு மாதிரி. பழைய பட்டா புத்தக முறை தெரிந்திருக்கும். ஏடிஎம், நகைக்கடை, ஊருக்குப் போனவர் வீடு என்று ஆங்காங்கே ஒரு நோட்டு தொங்கும், பீட் காவலர் வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது அதை ஸ்மார்ட் காவலர் செயலிக்கு மாற்றியிருக்கிறார்கள். இதில் கையெழுத்து முக்கியமில்லை. அந்தத் தெருவில் இஸ்திரி போடுபவர், இரவு வாட்ச்மேன், டீக்கடைக்காரர் ஆகியோரோடு காவலருக்கு உண்டாகும் பழக்கம்தான் முக்கியம். "ரெண்டு நாளா ஒரு நம்பர் பிளேட் இல்லாத வண்டி சுத்துது ஏட்டையா" என்று ஒருவர் சொன்னதில் பிடித்த கேஸ்கள் உண்டு. ஆனால் அந்தப் பழக்கத்துக்கு ஒரே ஆள் ஒரே பீட்டில் கொஞ்ச காலம் இருக்க வேண்டும். ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் மிஞ்சுவது செயலிப் பதிவு மட்டும்.

உங்கள் தெருவில் நடந்ததற்கு வருகிறேன். இரண்டு பைக், ஒரு செயின் என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். குற்றப்பிரிவில் இருந்தவன் இதை ஒரே கதையாகத்தான் முதலில் பார்ப்பான். செயின் பறிப்பவன் சொந்த வண்டியில் வருவது அபூர்வம். ஒரு ஏரியாவில் பைக்கைத் திருடி, பிளேட்டைக் கழற்றி, இன்னொரு ஏரியாவில் விடிகாலை கோலம் போடுகிற நேரத்திலோ நடைப்பயிற்சி நேரத்திலோ பறித்துவிட்டு, வண்டியை மூன்றாவது ஏரியாவில் போட்டுவிட்டுப் போவான். மூன்றும் மூன்று ஸ்டேஷன், சில சமயம் இரண்டு கமிஷனரேட் (போலீஸ் ஆணையரகம்). 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகம் ஆன பிறகு புறநகர்க்காரர்களுக்கு உயர் அதிகாரி பக்கத்தில் வந்தார், அது நல்லது. அதே சமயம் எல்லைக்கோடும் கூடிவிட்டது. பைக் திருட்டுக் கேஸைச் சின்ன கேஸ் என்று அந்த ஸ்டேஷன் கிடப்பில் போட்டால், செயின் கேஸுக்கான முதல் துப்பு அங்கேயே செத்துவிடும்.

எல்லைக்கோட்டைத் தாண்டி வேகமாகப் பேசிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2025 மார்ச் 25 உதாரணம். அன்று காலை சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர், சைதாப்பேட்டை என்று ஒரு மணி நேரத்துக்குள் ஆறு இடங்களில் செயின் பறித்தார்கள். வெளிமாநிலத்துக்காரர்கள். பறித்த கையோடு விமானம் ஏறிவிடுவது அவர்கள் திட்டம். சிசிடிவியில் பின்தொடர்ந்து சில மணி நேரத்தில் விமான நிலையத்திலேயே இருவரைப் பிடித்தார்கள். இதில் புதிதாக ஆள் எடுத்தது எதுவும் வேலை செய்யவில்லை. 2017-லிருந்து 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைத்ததும், தகவல் உடனே வந்ததும், அதைப் பார்க்க அந்த நேரத்தில் ஆட்களை உட்கார வைத்ததும்தான் வேலை செய்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் மறுநாள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். சிலர் அதையும் வெற்றியாகப் பேசினார்கள். நான் அப்படிக் கணக்கு எழுத மாட்டேன். கைதானவனைக் கோர்ட்டில் நிறுத்தி, நகையை வாங்கியவன் யார் என்று பிடித்திருந்தால் அதுதான் எனக்குத் தெரிந்த போலீஸ் வேலை.

கேமரா வந்த பிறகு சென்னையில் செயின் பறிப்பு குறைந்தது என்று காவல்துறை சொல்கிறது, தெருவில் வேலை பார்த்தவனாக எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் முழுப் புகழையும் கேமராவுக்குக் கொடுக்கத் தயங்குகிறேன். அதே காலத்தில் பெண்கள் வெளியே கவரிங் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார்கள், பழைய குற்றவாளிகள் மீது குண்டர் சட்டம் சரமாரியாகப் பாய்ந்தது. எது எவ்வளவு குறைத்தது என்று யாராவது துல்லியமாகப் பிரித்துச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு காரணத்தாலும் குற்ற எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள், ரைட்டராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். புகார் கொடுத்தால் பெரும்பாலும் உங்கள் கையில் முதலில் வருவது சி.எஸ்.ஆர் ரசீது. அது மனு வாங்கியதற்கு அத்தாட்சி, வழக்கு அல்ல. எஃப்.ஐ.ஆர் போட்டால்தான் அது மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் எண்ணாக ஏறும்; கண்டுபிடிக்கவில்லை என்றால் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். அதனால் "ரெண்டு நாள் தேடிப் பாருங்க" என்பார்கள். செல்போன் என்றால் "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க" என்பார்கள். தொலைந்த பொருளுக்குத் திருடன் தேவையில்லை அல்லவா. பைக் மட்டும் ஓரளவு ஒழுங்காகப் பதிவாகும், ஏனென்றால் இன்சூரன்ஸ்காரன் எஃப்.ஐ.ஆர் இல்லாமல் காசு தரமாட்டான், வண்டிக்காரர் விடமாட்டார்.

சட்டம் இதில் உங்கள் பக்கம்தான். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பதே தனிக் குற்றம், பிரிவு 304, மூன்று வருடம் வரை தண்டனை. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், இது எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் புதுச் சட்டங்களில் இரண்டு ஓட்டையும் இருக்கின்றன. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி அந்தஸ்து அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு வழக்குப் போடலாம். திருட்டும் பறிப்பும் அதில் விழும். அப்புறம், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை, போலீஸ் தானாகக் கைது செய்யக்கூடிய குற்றமும் அல்ல. சின்னப் பையன்கள் ஜெயிலுக்குப் போய்ப் பெரிய திருடனாகத் திரும்பாமல் இருக்க இது நல்லதுதான். ஆனால் கேஸ் கட்டை மெலிதாக வைத்துக்கொள்ள விரும்பும் ரைட்டர் கையில் பொருளின் மதிப்பு எப்போதும் 4,900 ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. பில் இருந்தால் கையில் எடுத்துப் போங்கள்.

எஃப்.ஐ.ஆர் போடாமல் விடுவதற்குப் போலீஸ் மட்டும் காரணம் இல்லை என்பதையும் எழுத வேண்டும், இங்கேதான் உங்கள் சித்தி மகன் வருகிறான். தெருவில் ஒரு கைகலப்பு, ஒரு பைக்கை எடுத்து ஓட்டிப் பார்த்த விவகாரம் என்றால் அரை மணி நேரத்தில் பையனின் அப்பா, அம்மா, வார்டு பிரமுகர் எல்லாரும் ஸ்டேஷனில் நிற்பார்கள். "கேஸ் மட்டும் வேண்டாம் சார், கவர்மென்ட் வேலை போயிரும்." அவர்கள் சொல்வது மிகையில்லை. போலீஸ் வேலைக்கு விதி ரொம்பக் கடுமை. சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)-யின்படி, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையானவனும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவனும்கூடக் குற்ற வழக்கில் தொடர்புடையவனாகவே கருதப்படுவான். விதி எழுதியவர்கள் ரௌடிகள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று நினைத்தார்கள். நடைமுறையில் திருவிழாச் சண்டையில் கூட்டத்தோடு பெயர் சேர்ந்த பையன்கள் பலர் உடல் தகுதித் தேர்வு வரை ஜெயித்துவிட்டுக் கடைசியில் உயர் நீதிமன்றப் படியேறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தம்பி மீது எப்போதாவது ஏதாவது வழக்கு இருந்திருந்தால், முடிந்துபோனதாகவே இருந்தாலும், விண்ணப்பத்திலும் சரிபார்ப்புப் படிவத்திலும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். வழக்கு இருந்தது சில சமயம் மன்னிக்கப்படும். மறைத்தது தெரிந்தால் தப்புவது ரொம்பக் கடினம்.

மற்றபடி தேர்வு பயப்படும்படி ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்புத் தகுதிதான் என்றாலும் போட்டிக்கு வருகிறவர்களில் பட்டதாரிகள் நிறைய. 2022-லிருந்து முதலில் 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு, அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள். முதன்மைத் தாள் 70, உடல்திறன் 24, என்.சி.சி. மாதிரியானவற்றுக்கு 6. பையன்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். கோச்சிங் சென்டரில் உட்கார்ந்தே இருந்துவிட்டு அங்கே மூச்சு வாங்கி நிற்பவர்கள்தான் அதிகம், இன்றே ஓடத் தொடங்கச் சொல்லுங்கள். தேறினால் முதல் போஸ்டிங் ஏதோ ஒரு பட்டாலியன் என்றே வைத்துக்கொள்ளலாம். நம் ஏரியா ஸ்டேஷன் ஆசை இருந்தால் பட்டம் முடித்துவிட்டு எஸ்.ஐ தேர்வை எழுதுவது நேர்வழி. உள்ளே போன பிறகு எழுதினாலும் துறை ஒதுக்கீடு 20 சதவீதம் இருக்கிறது.

அந்த அம்மாவின் கையில் சி.எஸ்.ஆர் மட்டும் இருந்தால் இந்த வாரமே எஃப்.ஐ.ஆர் எண்ணைக் கேளுங்கள். தரவில்லை என்றால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இரண்டுக்கும் புதுக் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(4). பைக் போன இரண்டு வீட்டுக்காரர்களின் வழக்கு எண்களையும் செயின் கேஸ் விசாரிக்கும் எஸ்.ஐ.யிடம் எழுதிக் கொடுங்கள், அவை வேறு ஸ்டேஷனில் பதிவாகியிருந்தாலும் சரி. தெருவில் யார் வீட்டுக் கேமராவில் எத்தனை நாள் பதிவு தங்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் பழைய ஹார்டு டிஸ்க் நின்றுபோய் மாதக்கணக்காகியிருக்கும்.